ஏழாம் வரிசை

என் மாமனார் செத்துப்போன நேரத்தில் எங்கள் வீட்டு ரவுட்டர் ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. நான்கு விளக்கும் பச்சை. கோளாறு இல்லை, துண்டிப்பு இல்லை. அதைச் சுவரில் மாட்டியவளும் நான்தான்.

அப்போது நான் ‘நேர்வழி நெட்’ கம்பெனியில் களப்பணியாளர். தூத்துக்குடியில் கடல் உள்ளே ஏறி எங்கள் தெருவைக் கொண்டுபோன பிறகு, கரையோரத்துச் சனங்களை ஊருக்கு வெளியே நான்கு மாடிக் குடியிருப்பில் கொண்டுவந்து வைத்தார்கள். மாடிக்குப் பன்னிரண்டாக நாற்பத்தெட்டு வீடு. அதே வருடம்தான் மாவட்டம் முழுவதற்கும் இணைய இணைப்பு கொடுக்கும் உரிமை ஒரே கம்பெனியின் கைக்குப் போனது. வீட்டுக்கு ஒரு ரவுட்டர் பெட்டி இலவசம். நாற்பத்தெட்டையும் நானே ஏணி போட்டு ஏறி மாட்டினேன். நம்ம பிள்ளை வந்து மாட்டுகிறாள் என்று வீட்டுக்கு வீடு காபி கொடுத்தார்கள்.

மாமா பெயர் சில்வெஸ்டர். துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவர். நிலக்கரித் தூசி நெஞ்சில் இறங்கி, கடைசி இரண்டு வருடம் ஆக்சிஜன் கருவியோடுதான் இருந்தார். விரலில் ஒரு கிளிப். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் கருவி தானாகவே இணையம் வழியாக ஆஸ்பத்திரியின் கண்காணிப்பு அறைக்கு அலாரம் அனுப்பும். அங்கிருந்து பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிடும். என் கணவர் ரொசாரியோ கப்பலில் இருக்கிறார், வருடத்துக்கு ஒரு முறைதான் வருவார். நான் பகலெல்லாம் வேலையில். அந்த அலாரத்தை நம்பித்தான் மாமி பிலோமினா கடை கண்ணிக்குப் போய் வருவார்.

அன்று கிரிக்கெட் இறுதி ஆட்டம். மாமி மூன்றே முக்காலுக்கு ரேஷன் கடைக்குப் போனார். நாலே முக்காலுக்குத் திரும்பி வந்தபோது ஆம்புலன்ஸ்காரர்கள் மாமாவை ஸ்ட்ரெச்சரில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. அந்த நேரத்தில் நான் ஊருக்குள் ஒரு பெரிய பங்களாவில் நின்றுகொண்டிருந்தேன். அந்த வீட்டுக்காரருக்கு மேட்ச் திக்கித் திக்கி வருகிறதாம். அதைச் சரிசெய்து கொடுத்தேன். அவர் என் வேலைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், எங்கள் பெட்டியில் கம்பியைச் செருகி மடிக்கணினியில் அதன் பதிவுகளைத் திறந்தேன். மாமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்னட்டி பாத்துகிட்டு இருக்க?”

“மாமா கருவி அலாரம் அடிச்சிருக்கு மாமி. நாலு பன்னண்டுக்கு.”

“பொறகு ஏன் யாரும் வரல?”

“அலாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்தது நாலு இருவத்திமூணுக்கு.”

மாமி விரல்விட்டு எண்ணினார். “பதினோரு நிமிசம் அது எங்கன நின்னுச்சு?”

நான் சுவரைக் காட்டினேன். “இங்கனதான். நம்ம வீட்டுக்குள்ளயே.”

மாமி பெட்டியைப் பார்த்தார். பச்சை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

“இதுக்குள்ள ஏழு வரிசை இருக்கு மாமி. காத்துல போறதுக்கும் வாறதுக்கும் வழி ஒண்ணுதான். எது முன்னால போவணும், எது நிக்கணும்னு இந்தப் பெட்டிதான் முடிவு பண்ணும். மொத வரிசையில கம்பெனி பட்டியல்ல இருக்கிற கருவிங்க. ரெண்டாவதுல மேட்சு, படம் எல்லாம் காட்டுத கூட்டாளி கம்பெனிங்க. அப்படியே கீழ போவும். யாருன்னே தெரியாத கருவின்னா ஏழாவது.”

“மாமா கருவி?”

“செஞ்ச கம்பெனிய மூடிட்டாவ. பட்டியல்ல கிடையாது.”

“அன்னைக்கு நம்ம வீட்டுல டிவியே போடலியே!”

“மேல் வீட்டு மேட்சு நம்ம பெட்டி வழியாத்தான் போவும். ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குக் கை மாத்திவிடும். அப்படித்தான் கட்டியிருக்கு. இடம் இல்லன்னா ஏழாவதுல நிக்கதத் தூக்கிக் கீழ போட்டுரும். கருவி திரும்ப அனுப்பும். திரும்பவும் போட்டுரும். ஒரு தடவ போட்டா அடுத்த மட்டம் கருவி கூடக் கொஞ்சம் பொறுத்துத்தான் அனுப்பும். மாமா கருவி ஒம்பது மட்டம் அனுப்பியிருக்கு.”

மாமி திரையைத் தன் பக்கம் திருப்பி அந்த ஒன்பது வரிகளையும் விரலால் தொட்டார்.

“ஒம்பது மட்டம் கூப்பிட்டிருக்காவ,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “இந்த ஏழு வரிசை உனக்கு முன்னயே தெரியுமா?”

தெரியும். பயிற்சியின் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். மாமா எந்த வரிசையில் நிற்கிறார் என்று மட்டும் நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

“தெரியும் மாமி.”

“நீதானட்டி மாட்டுன,” என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

கம்பெனி அலுவலகத்தில் வட்டார மேலாளர் நெல்லைநாயகம் சார் என்னை உட்காரச் சொன்னார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். துக்கம் விசாரித்தார். பதிவுகளை நான் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

“பெட்டி விதிப்படி சரியாத்தாம்மா வேலை செஞ்சிருக்கு.”

“அதத்தான் சார் நானும் சொல்லுதேன்.”

“பதிவு செய்யாத கருவி. பதிவுக்கு நீங்க எழுதிப் போட்டிருக்கணும்.”

“செஞ்ச கம்பெனிதான் எழுதிப் போடணும்னு உங்க படிவத்துல இருக்கு சார். அந்தக் கம்பெனியே இல்ல. யார எழுதச் சொல்லுதிய? ஒரு அலாரம் எவ்வளவு எடம் பிடிக்கும்னு நமக்குத் தெரியாதா? மேட்சுல பந்து ஒரு தடவ உருளுததுல ஆயிரத்துல ஒரு பங்கு இருக்காது. அத முன்னால விட்டா எவனுக்கும் ஒண்ணும் குறையாது. பொறகு ஏன் விடல?”

“முன்னால விட்டா, காசு கட்டிப் பட்டியல்ல சேர எந்தக் கம்பெனியும் வராதும்மா,” என்றார். அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மழை பெய்தால் நனையும் என்பதுபோலச் சொன்னார். “பட்டியல் என் கையில இல்லை. நீங்க ஒரு வாரம் லீவு எடுத்துக்குங்க.”

பஸ்ஸில் வரும்போதே பெட்டியை எப்படித் திறப்பது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

ரவுட்டர் என்பது சின்னக் கம்ப்யூட்டர்தான். உள்ளே இருக்கும் மென்பொருளை அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றலாம். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கிற ஆட்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்திருக்கிற மென்பொருள் ஒன்று இருந்தது. அதில் வரிசையை வீட்டுக்காரரே எழுதிக்கொள்ளலாம். எங்கள் பெட்டிக்கு ஏற்றபடி அதைத் திருத்த எனக்குப் பதினைந்து நாள் ஆனது. பெட்டியின் முத்திரையை உடைப்பது குற்றம். முத்திரை ஒட்டுகிற வேலையும் எனக்குத்தான் என்பதால் அது எப்படிக் கிழியும் என்று நன்றாகவே தெரியும்.

ஒரு சனிக்கிழமை காலையில் ஏற்றினேன். நான்காம் மாடி வரை ஆட்களை அவரவர் வீட்டில் படம் ஓட விடச் சொன்னேன். கண்காணிப்பு அறையில் இருக்கும் நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு, மாமாவின் கருவியை இயக்கி, கிளிப்பை மாமியின் விரலில் மாட்டினேன்.

“கழத்துங்க மாமி.”

மாமி கழற்றினார். கிளிப் கழன்றாலும் கருவி அலாரம் அனுப்பும்; எங்கள் பெட்டியிலிருந்து அது அந்த நொடியே கிளம்பியது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஏழு நிமிடம் ஆனது. எங்கள் பெட்டி விட்டுவிட்டது; அடுத்த வீட்டுப் பெட்டி பிடித்து ஏழாம் வரிசையில் நிறுத்திவிட்டது.

“அப்பம் நாம மட்டும் மாத்தி என்னத்துக்கு?” என்றார் மாமி.

“நாப்பத்தெட்டையும் மாத்தணும்.”

“மாத்து. நீதான மாட்டுன?” இந்த முறை அதை வேறு மாதிரிச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆட்கள் திரும்பியதும், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே எல்லோரையும் கூட்டினோம். எங்கள் பெட்டியின் பதிவுகளை வாசித்தேன். குடியிருப்பில் இன்னும் ஏழு வீடுகளில் இப்படிப் பட்டியலில் பேரில்லாத கருவிகள் இருந்தன. மூன்றாம் மாடியில் வலிப்பு வரும் ஒரு பெண்பிள்ளையின் கைப்பட்டை. இரண்டாம் மாடியில் ஒரு பெரியவரின் சர்க்கரை மருந்துப் பம்பு. கேட்டவர்களுக்குக் கொதித்தது. ஆனால் புது வரிசையை நாமே எழுத வேண்டும் என்றதும் கொதிப்பு ஒருவர்மேல் ஒருவர் திரும்பியது. பரீட்சை எழுதும் பிள்ளைக்கு முதலிடம் வேண்டும் என்றார் ஒருவர். வெளிநாட்டிலிருந்து மகன் கூப்பிடுவதுதான் முக்கியம் என்றார் இன்னொருவர். மேட்சை ஏன் கடைசியில் போட வேண்டும், அது ஒன்றுதானே எங்களுக்கு இருக்கிறது என்று ஒரு கூட்டம் கத்தியது. அரை மணி நேரத்தில், மேலிருந்து வரிசை போட்டவர்களைவிட நாங்கள் மோசமாகிவிடுவோமோ என்று எனக்குத் தோன்றியது.

எல்லாரையும்விட அதிகமாகச் சத்தம் போட்டவள் நான்காம் மாடி முத்துப்பேச்சி. வீட்டில் இருந்தபடியே ஏதோ ஒரு கம்பெனிக்கு வாடிக்கையாளர் அழைப்பு எடுக்கிற வேலை. இரண்டு பிள்ளைகள், தனியாள்.

“என் லைனு மூணாம் வரிசையில போவுது அக்கா. எங்க கம்பெனி வாங்கிக் குடுத்திருக்கு. ஒரு நாளைக்கு மூணு கால் கட்டாச்சுன்னா என்ன வேலைய விட்டுத் தூக்கிருவாங்க. உங்க மாமா செத்ததுக்கு என் பிள்ளைங்க வாயில மண்ணள்ளிப் போடுவியளா?”

“வாய மூடு,” என்று யாரோ சொன்னார்கள்.

“அவ பேசட்டும்,” என்றேன். கோபம் எனக்கும் வந்தது. ஆனால் அவள் சொன்னது பொய் இல்லை.

மாமிதான் கடைசியில் எழுந்தார். கறுப்புச் சேலையில் ஒரு மாதமாக யாரிடமும் அதிகம் பேசாதவர்.

“அலாரம் முன்னால போவட்டும். யாரு வீட்டு அலாரம்னு கேக்கப்படாது. அடுத்தது மனுசன் மனுசங்கூடப் பேசுதது. அதுல முத்துப்பேச்சியும் வந்துருவா. மிச்சமெல்லாம் சமம். இதுல யாருக்கு என்ன கஷ்டம், சொல்லுங்க.”

யாரும் சொல்லவில்லை. அன்று மாலைக்குள் இருபது பெட்டி மாற்றினேன். அடுத்த இரண்டு நாளில் மிச்சம். முத்துப்பேச்சி கடைசி ஆளாகத் தன் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொடுத்தாள்.

இரண்டு மாதம் நன்றாகப் போனது. மூன்று முறை அலாரம் அடித்தது, மூன்று முறையும் ஒரு நொடிக்குள் ஆஸ்பத்திரியில் தெரிந்தது. வலிப்புப் பிள்ளையின் அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். மேட்சும் ஓடியது. ஆள் ஆளுக்குப் படம் கொஞ்சம் மங்கலாக வந்தது, அவ்வளவுதான்.

அந்த மங்கல்தான் எங்களைக் காட்டிக்கொடுத்தது. அடுத்த பெரிய ஆட்டத்தன்று எங்கள் குடியிருப்பில் மட்டும் படத்தின் தரம் குறைந்திருப்பதைக் கூட்டாளிக் கம்பெனி கவனித்துக் கேட்டிருக்கிறது. மறுநாள் காலை பத்து மணிக்கு நாற்பத்தெட்டுப் பெட்டியிலும் பச்சை அணைந்தது. கீழே வாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்: முத்திரை உடைத்த குற்றத்துக்காக இணைப்பு நிறுத்தம், விசாரணை முடியும்வரை. கீழே நெல்லைநாயகம் கையெழுத்து.

ஏழு கருவிகளுக்கும் இப்போது ஏழாம் வரிசைகூட இல்லை. வலிப்புப் பிள்ளையின் பக்கத்தில் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்திருந்தார்கள். முத்துப்பேச்சியின் வேலை இரண்டாம் நாளே போனது. அவள் படியிறங்கி வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“நீங்க மட்டும் மாத்தாம இருந்திருந்தா,” என்று ஆரம்பித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். “அவனுவள நான் ஒண்ணுமே செய்ய முடியாதா அக்கா? ஒண்ணுமேவா?”

நான் கையிலிருந்த தாளை அவளிடம் நீட்டினேன். எனக்கும் வேலை நீக்கக் கடிதம் அன்றுதான் வந்திருந்தது.

விசாரணைக்கு நான்கு நாள் இருந்தபோது, காலை பதினோரு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் நெல்லைநாயகம். கம்பெனிச் சட்டை இல்லை, சாதாரண வேட்டி. கையில் ஒரு துணிப்பை. முத்துப்பேச்சியும் அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தாள்.

“உள்ள வரலாமாம்மா?”

நான் நகரவில்லை. மாமிதான், “வரட்டும், வாசல்ல நின்னா நாலு பேரு பாப்பாவ,” என்றார்.

அவர் உட்கார்ந்து பையைத் திறந்தார். உள்ளே ஒரு ரவுட்டர். எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பதே.

“இது எங்க வீட்டுப் பெட்டி. எங்க அம்மாவுக்கு எண்பத்தோரு வயசு. நெஞ்சுக்குள்ள கருவி வச்சிருக்கு, ஒன்பது வருஷம் முன்னாடி வேற ஊர்ல வச்சது. இதயத் துடிப்பு இறங்கினா அலாரம் அனுப்பும்.” அவர் நிறுத்தினார். “அந்தக் கம்பெனி பட்டியல்ல சேரவே இல்லை.”

“பதிவுக்கு எழுதிப் போடுறதுதானே சார்?” என்றேன்.

“பதினாலு மாசமா எழுதுறேம்மா.”

“புதுசு வாங்கி வச்சிருங்க.”

“இந்த வயசுல நெஞ்சைத் திறக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. போன வாரம் மேட்ச் அன்னிக்கு அலாரம் நாலு நிமிஷம் நின்னுச்சு. தெய்வாதீனமா நான் வீட்ல இருந்தேன்.”

முத்துப்பேச்சி சிரித்தாள். அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதில்லை. “அக்கா, இவரு பெட்டிக்கு நம்ம மென்பொருளப் போடாதிய. ஒருக்காலும் போடாதிய. நாப்பத்தெட்டு வீட்டை இருட்டாக்கிட்டு, பையத் தூக்கிக்கிட்டு வந்திருக்காரு!”

“பட்டியல் என் கையில இல்லைம்மா,” என்றார் அவர்.

“அப்பம் உங்க கையில என்னதான் சார் இருக்கு?” எனக்கு வாய் கட்டுமீறிப் போய்விட்டது. “எங்க மாமா செத்ததுக்கு விதி சரின்னு சொன்ன வாயி உங்களது. எங்க லைன நிறுத்தினது உங்க கையெழுத்து. உங்க அம்மாவுக்குன்னு வந்ததும் அந்த விதி எங்க சார் போச்சு? நாலு நாள்ல விசாரணை. அங்க வந்து இதச் சொல்லுவியளா?”

அவர் தலை நிமிரவில்லை. “சொன்னா வேலை போயிடும். கம்பெனி இன்சூரன்ஸ்லதான் அம்மா வைத்தியம் ஓடுது.”

“எனக்குப் போயிருச்சு. இவளுக்குப் போயிருச்சு.”

அவர் பெட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்தார். பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் அவரை வெளியே போகச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது மாமி என் தோளில் கை வைத்தார்.

“தண்ணித் தொட்டிக்குக் கீழ என்ன பேசினோம்?”

“மாமி, இவருக்கா?”

“யாரு வீட்டு அலாரம்னு கேக்கப்படாதுன்னு சொன்னோமா இல்லியா?”

“இவருதான் மாமி கையெழுத்துப் போட்டது!”

“அந்தக் கிழவி போடல.” மாமி அதைச் சொன்னது கருணையால் அல்ல. அவரும் என் அளவுக்குக் கொதித்துக்கொண்டிருந்தார். எனக்கு அது அவர் விரல்கள் என் தோளில் பதிந்த விதத்தில் தெரிந்தது. “போடு. போட்டுக் குடுத்து அனுப்பு. என் கண்ணு முன்னால இருந்து சீக்கிரம் போவட்டும்.”

முத்துப்பேச்சி எழுந்து கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

நாற்பது நிமிடம் ஆனது. அவர் வீடு தனி வீடு, பக்கத்துப் பெட்டி எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஒரே ஒரு வீட்டில் படம் மங்கினால் யாரும் கேட்கப் போவதும் இல்லை. பெட்டியைக் கையில் கொடுத்தபோது அவர் கும்பிட்டார். நான் திரும்பக் கும்பிடவில்லை.

மாவட்ட இணைப்பு ஆணையத்தின் விசாரணை ஒரு சிறிய ஏசி அறையில் நடந்தது. அதிகாரி ஒரு பெண்மணி, நாற்பத்தைந்து வயதிருக்கும். கம்பெனி சார்பில் நெல்லைநாயகம் அறிக்கை வாசித்தார். முத்திரை உடைக்கப்பட்டது, வலையமைப்புக்குக் கேடு, கூட்டாளிகளுக்கு இழப்பு. ஒரு இடத்தில்கூட அவர் குரல் தட்டவில்லை.

மாமி கேட்காமலே எழுந்தார். “எங்க வீட்டுக்காரரு ஒம்பது மட்டம் கூப்பிட்டாவ. எங்க வீட்டுச் செவுத்துலயே நிறுத்திவச்சுட்டாவ. அது கேடு இல்லியா?”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “எனக்குப் புரியுதும்மா. ஆனா இந்தச் சட்டத்துல முத்திரை உடைஞ்சுதா இல்லையாங்கிறது மட்டும்தான் கேள்வி. வரிசை சரியான்னு கேக்க எனக்கு அதிகாரம் இல்லை.” என்னைப் பார்த்தார். “மொத்தம் எத்தனை பெட்டியை மாத்தினீங்க? குற்றப் பத்திரிகையில நாற்பத்தெட்டுன்னு இருக்கு. அதுதான் மொத்தமா? வேற எங்கேயும் மாத்தலையே?”

நெல்லைநாயகம் தன் கையிலிருந்த தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும் எனக்கு. நாற்பத்தொன்பது. சொன்னால் அந்த முகம் எப்படி ஆகும் என்று நான்கு நாளாக மனதுக்குள் பார்த்து வைத்திருந்தேன். முத்துப்பேச்சி பின்வரிசையில் இருந்து என் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

சொன்னால் அன்று மாலையே அந்தப் பெட்டியைக் கழற்றி, பழைய மென்பொருளை ஏற்றி, முத்திரை ஒட்டிவிடுவார்கள். அதையும் செய்து பழகியவள்தானே நான்.

“நாப்பத்தெட்டுதான்,” என்றேன்.

வெளியே வந்ததும் முத்துப்பேச்சி என் கையைப் பிடித்து இழுத்தாள். “ஏன் சொல்லல? ஏன் அக்கா சொல்லல?” என்று கேட்டுக் கேட்டு அழுதாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நானும் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பத்து நாளில் தீர்ப்பு வந்தது. கருணையின் பேரில் குடியிருப்புக்கு மீண்டும் இணைப்பு. எல்லாப் பெட்டியிலும் கம்பெனி மென்பொருள், புது முத்திரை, இந்த முறை உலோகத்தில். மூன்று வருடத்துக்கு நான் எந்த இணைப்புக் கருவியையும் தொடக் கூடாது. முத்திரை ஒட்ட வந்த பெண்ணுக்கு இருபத்துமூன்று வயதிருக்கும். புதிதாகச் சேர்ந்தவள். எங்கள் வீட்டில் மாமி அவளுக்குக் காபி கொடுக்கவில்லை. நாற்பத்தெட்டு வீட்டில் ஒரு வீட்டிலும் கொடுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஏழு கருவிகளும் மறுபடி ஏழாம் வரிசைக்குப் போயின.

நான் இப்போது ஒரு மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். முத்துப்பேச்சி மீன் பதப்படுத்தும் தொழிற்சாலைக்குப் போகிறாள். பிள்ளைகளை மாமி பார்த்துக்கொள்கிறார். ஆணையத்துக்கு மேலே உள்ள தீர்ப்பாயத்துக்கு மனு எழுதிப் போட்டிருக்கிறோம். நிறுவனத்தின் உள்ளே இருப்பவர் ஒருவராவது சாட்சி சொன்னால்தான் எடுத்துக்கொள்வார்களாம்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் கடையில் இருந்தபோது, போனில் ஒரு செய்தி வந்தது. நெல்லைநாயகம்.

‘இன்று காலை அம்மாவுக்கு அலாரம் அடித்தது. நான் வீட்டில் இல்லை. ஆம்புலன்ஸ் எட்டு நிமிடத்தில் வந்துவிட்டதாம். பிழைத்துவிட்டார்கள். உங்களுக்கும் உங்கள் மாமியாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.’

வீட்டுக்கு வந்து மாமியிடம் வாசித்துக் காட்டினேன். மாமி சிலுவை போட்டுக்கொண்டார். அந்தக் கிழவி பிழைத்ததில் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம், எனக்கும்தான். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது.

“பட்டியல்ல இல்லாத அலாரம் மாவட்டத்துல எத்தன வீட்டுல இப்பம் முன்னால போவுது?” என்று கேட்டார்.

“ஒரு வீட்டுல மாமி.”

“அது யாரு வீடு?”

அவருக்குத் தெரியும்.

மாமி என் கையிலிருந்த போனைக் காட்டினார். “எழுது.”

“என்னன்னு?”

அவர் சொன்னபடியே எழுதினேன்: ‘சந்தோசம். இங்கன இன்னும் நாப்பத்தெட்டு வீடு இருக்கு. எப்பம் வந்து சாட்சி சொல்லுவிய?’

அனுப்பினேன். நெல்லைநாயகம் படித்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு டிக் குறிகளும் நீலமாயின. பிறகு அவர் எழுத ஆரம்பித்ததைக் காட்டும் மூன்று புள்ளிகள் ஆடின. நின்றன. மறுபடி ஆடின.

மாமி நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.